ஒற்றைக் கையும் மடக்குக் கத்தியும்

தன் கையே தனக்குதவி என்பர். இரு கைகளுள் ஒன்று வேறொரு வேலையில் அகப்பட்டிருக்கையில், மற்றக் கை தனித்து எவ்வளவு தூரம் உதவும்? மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோருக்கு இந்தக் கேள்வி நாள்தோறும் எழுவதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், மழை விட்டும் தூறல் விடாத ஒரு மாலை வேளையில், ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற்கு நம் பழைய மாணவர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அவருடன் மலையேறிக்கொண்டிருக்கையில், கட்டி வைத்திருந்த கொழுந்துச் சாக்கொன்று சரிவில் நழுவத் தொடங்கியது. மாணவர் பாய்ந்து சென்று இடக் கையால் அதனைப் பற்றிக்கொண்டார். செடியில் சிக்கிய கயிற்றை அறுக்க வலக் கையால் சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். அதை விரிக்க இரண்டு கை வேண்டும். அவருக்கு எஞ்சியிருந்ததோ ஒன்று. பல்லால் கடித்து விரித்தார். கயிறும் அறுபட்டது. ஆயின் கத்தியின் முனை முடிச்சில் மாட்ட, அலகு திரும்பி மடங்கிச் சுட்டுவிரலைப் பதம் பார்த்துவிட்டது.

"நேற்றுத்தான் தீட்டினேன், சேர். அதுதான் பிழையாகிவிட்டது" என்று அவர் வலியிலும் சிரித்தார். பிழை கூரில் இல்லை. அந்தக் கத்தியில் பூட்டு இல்லை என்பதே பிழை.

பழைய பேனாக் கத்தியின் பிடிக்குள், முதுகுப் பக்கமாக ஓர் எஃகு வில் கிடக்கும். அது அலகின் அடியை அழுத்திக்கொண்டிருப்பதால்தான் அலகு விரித்தபடியோ மடித்தபடியோ நிற்கின்றது. பென்சில் சீவவும் பழம் நறுக்கவும் இதுவே போதும். கூர்ப்பக்கத்தை அழுத்தி வெட்டும்வரை அலகு மடங்காது. முனையால் குத்தும்போதும், சிக்கிய அலகைப் பிடுங்கும்போதுமே வில் தோற்றுப்போகின்றது.

இந்தக் குறையை நீக்கவே பூட்டு வந்தது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890ஆம் ஆண்டளவில் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு, 1955இல் கழுத்தில் ஒரு வளையம் சேர்க்கப்பட்டது. அலகை விரித்து வளையத்தைத் திருகிவிட்டால் அது மடங்காது. அமெரிக்காவில் 1960களில் பக் நிறுவனத்தின் 110ஆம் இலக்கக் கத்தி முதுகுப் பூட்டைப் புகழ்பெறச் செய்தது. அதில் முதுகிலுள்ள எஃகுச் சட்டம் அலகின் அடியிலுள்ள வெட்டில் விழுந்து இறுகிக்கொள்ளும். பிடியின் பின்பகுதியை அழுத்தினால்தான் விடும். இரண்டும் விரலைக் காத்தன. ஆனால் ஒன்றில் வளையத்தைத் திருக மறு கை வேண்டும். மற்றதில் ஒரு கை அழுத்த, மறு கை அலகை மடிக்க வேண்டும். காவல் கூடியதேயன்றி, ஒற்றைக் கைக்கு வழி பிறக்கவில்லை.

வழி இரண்டு படிகளாகப் பிறந்தது. முதற்படி விரித்தல். 1981இல் அமெரிக்கரான சால் கிளெசர், தமது ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கத்தியில் அலகின் மேற்பகுதியில் ஒரு வட்டத் துளையை இட்டார். பெருவிரலைத் துளையில் வைத்துத் தள்ளினால் அலகு விரிந்துவிடும். நகமும் வேண்டாம், பல்லும் வேண்டாம். இரண்டாம் படி மடித்தல், கடினமானதும் இதுவே. 1980களின் தொடக்கத்தில் மைக்கல் வாக்கர் என்பவர் பழையதொரு யோசனையைத் திருத்தி, பிடியின் உட்தகட்டையே பூட்டாக்கினார். அலகு விரிந்ததும் வளைந்த தகடு அதன் அடியிற் போய் நிற்கும். மடிக்கும்போது பெருவிரலால் தகட்டை ஒதுக்கி, சுட்டுவிரலால் அலகைத் தள்ள வேண்டும். ஒரு கையே போதும் என்பது உண்மைதான். எனினும் அக்கணத்தில் பெருவிரல் எங்கே நிற்கின்றது? அலகு வந்து விழும் பாதையிலேயே நிற்கின்றது! தக்க நேரத்தில் விரலை எடுத்துக்கொள்ளாதவனை அந்தப் பூட்டே வெட்டிவிடும். அன்றியும் இவ்வமைப்பு பெரும்பாலும் வலக் கைக்கென்றே செய்யப்படுவதால் இடக் கைப் பழக்கமுள்ளோர் இடர்ப்படுவர்.

1998இல் பெஞ்ச்மேட் நிறுவனம் வெளியிட்ட குறுக்குக் கம்பிப் பூட்டு இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்கியது. பிடியின் குறுக்கே ஒரு சிறு எஃகுக் கம்பி செல்கின்றது. அதன் முனைகள் இரு பக்கமும் வெளியே தெரியும். எந்தப் பக்கத்திலிருந்தும் அதைப் பின்னே இழுத்தால் அலகு விடுபடும். விரல் எதுவும் அலகின் பாதையில் நிற்பதில்லை. வலக் கைக்கும் இடக் கைக்கும் ஒரே நீதி. கம்பியைத் தாங்கும் மெல்லிய வில்கள் என்றேனும் முறியக்கூடும் என்பதே இதன் குறை.

ஒற்றைக் கை வசதி வெறும் ஆடம்பரமன்று. 1797இல் வலக் கையை இழந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சன், கத்தியும் முள்ளும் ஒன்றாயமைந்த கருவியைக் கொண்டே உணவுண்டார். சுவிற்சர்லாந்துப் படையும் நூறாண்டுக்கு மேலாக இரு கையால் விரிக்கும் கத்தியை வழங்கிவந்து, 2008இல் ஒரு கையால் விரியும், பூட்டுள்ள கத்திக்கு மாறியது.

ஆயினும் உதவும் கைக்கு எளிதானது தீங்கு செய்யும் கைக்கும் எளிதாகிவிடும். அதே 2008இல் ஜெர்மனி, ஒரு கையால் விரித்துப் பூட்டிக்கொள்ளும் கத்திகளைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டு செல்வதைத் தடை செய்தது. இங்கிலாந்திலும் தக்க காரணமின்றி வைத்திருக்கத்தக்கது மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டற்ற மடக்குக் கத்தி மட்டுமே. வெளிநாடு செல்லும் மாணவர்கள் இதனை மறவாதிருப்பது நலம்.

கத்தி வாங்குவோர் அது எவ்வளவு விரைவாக விரிகின்றது என்று வியப்பதோடு நின்றுவிடுகின்றனர். மடிக்கும்போது பெருவிரல் எங்கே நிற்கின்றது என்று பார்ப்பவரே அறிந்து வாங்குபவர். மழையில் நனைந்து குளிரில் விறைத்த விரலுக்கு அது இசையுமா என்றும் மலைநாட்டார் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிறுவர்க்கோ முதலில் பூட்டற்ற கத்தியையே பெரியவர் முன்னிலையில் பழக்குவோம். பூட்டை நம்புமுன் கவனத்தை நம்பக் கற்றுக்கொள்வர்.

நம் மாணவர் இப்போது குறுக்குக் கம்பிப் பூட்டுள்ள கத்தியொன்று வைத்திருக்கின்றார். அண்மையில் கண்டபோது ஒரு கையால் விரித்து மடித்துக் காட்டினார். சுட்டுவிரலில் அந்தத் தழும்பு வெண்மையாகத் தெரிந்தது. "பூட்டு நல்லதுதான், சேர். ஆனால் மடிக்கும்போது இந்தத் தழும்பைத்தான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.