பணம் கட்டியது 346 கழிப்பறைக்கு, எண்ணினால் 256! பட்ஜெட் கணக்கை மக்களே சரிபார்ப்பது எப்படி?

தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் இருக்கிறது கயலிட்ஷா. தகரக் கொட்டகை வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதி. 2013 ஏப்ரலில் அங்கே ஒரு குழு, கையில் பேப்பரும் பேனாவுமாகச் சந்து சந்தாகப் போய்க் கழிப்பறைகளை எண்ணியது.

அவை மாநகராட்சி வாடகைக்கு எடுத்து வைத்திருந்த தற்காலிகக் கழிப்பறைகள். நான்கு குடியிருப்புகளில் மொத்தம் 346-க்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. எண்ணியபோது கண்ணில் பட்டது 256தான். அதிலும் பாதிக்கு மேல் உள்ளே போகவே முடியாத நிலை.

எண்ணியவர்களில் பலர் அந்தக் கழிப்பறைகளையே பயன்படுத்தும் அக்கம்பக்கத்து மக்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கு, எதை எண்ணணும், யார்கிட்ட எப்படிக் கேட்கணும் என்று 'சோஷியல் ஜஸ்டிஸ் கோஅலிஷன்' என்ற அமைப்பு அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தது. இந்த முறையை அவர்கள் எடுத்துக்கொண்டது எங்கிருந்து தெரியுமா? நம்ம இந்தியாவிலிருந்து.

கதை ராஜஸ்தானில் தொடங்குகிறது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் உள்ளிட்டோர் 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசு வேலைகளின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே சத்தமாகப் படித்தார்கள். அவ்வளவுதான். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி போயிருப்பதை ஊரே கேட்டது. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் இந்தப் போராட்டம்தான் முக்கியமான வேர்.

பயிற்சியில் என்ன சொல்லித் தர்றாங்க?

பட்ஜெட் என்றதும் நிதியமைச்சர், சட்டமன்றம், பல நூறு பக்க பிடிஎஃப் என்று நினைக்கிறோம். அந்த பிடிஎஃப்பை வெளியிடுவது மட்டுமே வெளிப்படைத்தன்மை ஆகாது. அதன் கடைசி வரி உங்க ஊர்க் குளத்தில் வந்து முடிகிறது. அங்கே நின்று பார்க்கத் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

உதாரணத்துக்கு ஒரு பண்ணைக்குட்டை. எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்று இருக்கிறது. அதாவது 600 கன மீட்டர் மண். டேப் பிடித்து அளந்தால் ஆழம் 1 மீட்டர்தான் வருகிறது என்றால், 200 கன மீட்டர் மண்ணை யாருமே வெட்டவில்லை. ஆனா பில் பாஸ் ஆயிடுச்சு! சரிந்து விழுந்த மண்ணையும் வெட்டாத மண்ணையும் பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும்.

அடுத்தது கேள்வி கேட்பது. "நீங்க 56 நாள் வேலை செஞ்சீங்களா பாட்டி?" என்று கேட்டால் பயத்தில் "ஆமா" என்றுதான் பதில் வரும். "எத்தனை நாள் போனீங்க? என்ன வேலை? கையில எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டு, பிறகு பாஸ்புக்கையும் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-வது பிரிவு இந்தத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. அதைப் பெரிய அளவில் முதலில் செய்து காட்டியது ஆந்திரா. கூலித் தொழிலாளர் குடும்பங்களில் படித்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 2011-ல் வந்த மத்திய விதிகள் இன்னொரு விஷயத்தையும் சேர்த்தன: ஓர் ஊராட்சியில் தணிக்கைக்கு உதவ வருபவர் அதே ஊராட்சியில் வசிப்பவராக இருக்கக் கூடாது. மாமா, மச்சான் முகத்துக்காகக் கணக்கு மாறிடக் கூடாதுல்ல!

கண்டுபிடிச்சாச்சு, பணம் வந்துச்சா?

வலிக்கிற இடம் இதுதான். 2017-18 முதல் நான்கு ஆண்டுகளில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் சமூகத் தணிக்கைகள் கண்டுபிடித்த முறைகேடு சுமார் 935 கோடி ரூபாய். திரும்ப வந்தது சுமார் 12.5 கோடி. நூறு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. அந்தப் பட்டியலில் அதிகத் தொகை காட்டிய மாநிலம் தமிழ்நாடு. இங்கே திருட்டு அதிகமா, கண்டுபிடிப்பது அதிகமா என்பதை அந்த எண் மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

பயிற்சி பெற்றவர்களால் குறையை எழுதித்தான் கொடுக்க முடியும். வசூலிப்பதும் நடவடிக்கை எடுப்பதும் அதிகாரிகள் கையில். தணிக்கைக் குழுவின் சம்பளமும் அரசு நிதியிலிருந்துதான் வர வேண்டும். அது தாமதமானால் தணிக்கையே படுத்துவிடுகிறது. கிராம சபையில் எழுந்து உண்மையைச் சொன்ன அம்மாவோ, மறுநாள் வேலை கேட்டு அதே ஊராட்சி அலுவலகத்துக்குத்தான் போய் நிற்க வேண்டும்.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருக்கும் பலருக்குச் சொந்த ஊர் ஒரு ஊராட்சியாக இருக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும். இதில் பாதி நாட்கள் உங்களுக்கும் லீவுதான்.