பாதி நாள் பூ

வெனிலாக் கொடியில் தொங்கும் பச்சைக் காயைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். ஐஸ்கிரீமில் நாம் அறிந்த அந்த மணம் துளியும் இருக்காது. மணம் பின்னால் பிறப்பது. அதற்கு முன் காய் பிடிப்பதே பெரிய கதை.

வெனிலா மெக்சிகோக் காட்டு ஆர்க்கிட். நட்ட மூன்றாம் ஆண்டு வாக்கில் இளம்பச்சைப் பூக்கள் கொத்தாக வரும். விடியலில் விரியும் பூ பிற்பகலுக்குள் வாடிவிடும். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே நாக்குப் போல ஒரு மெல்லிய சவ்வு. அடுத்தடுத்து இருந்தும் இரண்டும் தாமாகச் சேராது. மெக்சிகோவில் சில தேனீக்கள் எப்போதாவது சேர்த்து வைக்கும். நம் தோட்டங்களில் பூவுக்குப் பூ மனிதக் கைதான்.

பெல்ஜியத் தாவரவியலாளர் மோரன் 1836-லேயே கையால் சேர்த்துக் காய் எடுத்தார். ஆனால் தோட்டத்துக்கு ஏற்ற எளிய வழியைக் கண்டவர் எட்மண்ட் அல்பியுஸ். ரீயூனியன் தீவில் அடிமையாகப் பிறந்தவர். 1841-ல், 12 வயதில், மெல்லிய குச்சியால் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திக் காட்டினார். மடகாஸ்கரிலும் பொள்ளாச்சித் தோப்புகளிலும் இன்றைக்கும் அதே கைவித்தைதான். உலகுக்கு இந்த மணத்தைத் தந்தவர் 1880-ல் வறுமையில் இறந்தார். அதை நினைக்காமல் என்னால் வெனிலாவை முகர முடிவதில்லை.

காய் முற்ற ஒன்பது மாதம். அதற்குள் மணப்பொருளான வெனிலின், சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. ஏறத்தாழ 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம் முக்கி, கம்பளியில் பொதிந்து வேர்க்க வைத்தால், காயிலுள்ள நொதியே அந்தப் பிணைப்பை அவிழ்க்கும். பிறகு வெயில், நிழல், பெட்டி என்று மாதக்கணக்கில் பதப்படுத்த வேண்டும். ஆறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த நம் கல்வராயன் மலைக்கு இந்தப் பயிர் பொருந்துமா? கடுக்காயைப் பொறுக்கி, உலர்த்தி விற்றுப் பழகிய மலையாளிப் பழங்குடியினருக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. குறுநிலத்துக்கும் ஏற்ற பயிர், காலை வேளையில் வீட்டார் கைகளே போதும். மழைதான் கவலை. வெனிலா ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் கேட்கும். கல்வராயனில் அவ்வளவு பெய்யாது. ஓடையோர நிழலும் பாசனமும் உள்ள இடத்தில்தான் முயல வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து விலை. 2000-ல் மடகாஸ்கரைப் புயல் தாக்கியபின் விலை ஏறிக்கொண்டே போய், 2003 வாக்கில் தென்னிந்தியாவில் பச்சைக் காய் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் பழைய பயிரை அழித்துக் கொடி நட்டார்கள். சில ஆண்டுகளில் விலை 100 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. மலிவான செயற்கை வெனிலின் சந்தையை விட்டு நகரவே இல்லை.

கன்று விற்பவர் சொல்லும் கணக்கை நம்பி மரவள்ளியையும் சாமையையும் ஒழித்துவிடாதீர்கள். வீட்டருகே கல்யாண முருங்கையில் பத்துக் கொடி ஏற்றுங்கள். காயை வாங்குபவர் யார் என்று தெரிந்த பிறகு பதினோராவது கொடியை நடுங்கள்.