முழங்கால் மூட்டிலிருந்து கசியும் உலோகம்: எதைக் கவனிக்க வேண்டும்?

முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரின் ரத்தத்தில் கோபால்ட்டும் குரோமியமும் முன்பைவிடச் சற்றுக் கூடுவது உண்மைதான். தொடை எலும்பின் முனையில் பொருத்தும் பாகம் பெரும்பாலும் கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த உலோகக் கலவை. அதன்மேல் தானாகவே படியும் குரோமியம் ஆக்சைடுப் படலம் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. உராய்வில் படலம் சிதைந்தால், அது மீண்டும் படியும்வரை அயனிகள் கசியும். கசிவை மறைத்துப் பேசுவதால் நோயாளிக்கு நன்மையில்லை. அளவைச் சொல்லிப் புரியவைப்பதே நேர்மை.

இந்தக் கசிவு பற்றிய இன்றைய அச்சத்தின் வேர் இடுப்பு மூட்டில் இருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் 2010 ஆகஸ்ட்டில் உலகெங்கும் திரும்பப் பெற்ற ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டில், உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தோடு நேரடியாக உரசியது. அந்த உரசலில் உதிர்ந்த துகள்கள் பலருக்குச் சுற்றியுள்ள தசையைச் சிதைத்தன. இந்திய நோயாளிகள் இழப்பீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். அதைக் கண்டவர்கள் முழங்கால் மூட்டையும் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் முழங்காலில் இரு உலோகப் பாகங்களுக்கும் நடுவே பாலிஎதிலீன் தட்டு இருக்கிறது. பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2012-ல், உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டுகளுக்கு, மேற்கொண்டு ஆராய வேண்டிய ரத்த உலோக அளவாக லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைக் குறித்தது. நன்றாக இயங்கும் வழக்கமான முழங்கால் மூட்டில் அளவு பொதுவாக அதற்கு வெகு கீழேயே இருக்கும். தட்டு முழுக்கத் தேய்ந்து உலோகம் உலோகத்தைத் தொட்டால் கதை வேறு. அதனால்தான் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்வதைவிட, காலந்தோறும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது முக்கியம் என்கிறேன்.

இந்த உலோகக் கலவையில் நிக்கலும் சிறிதளவு உண்டு. அப்படியானால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் என்ன செய்வது? கவரிங் நகை பட்டால் தோல் அரிக்கும் பலருக்கு, கோபால்ட்-குரோமியம் மூட்டு எந்தத் தொல்லையும் தருவதில்லை. தோலில் செய்யும் ஒட்டுப் பரிசோதனை மூட்டின் எதிர்காலத்தை உறுதியாகச் சொல்லாது. கடுமையான ஒவ்வாமை வரலாறு இருந்தால் பூச்சிட்ட மூட்டையோ, ஆக்சினியம் எனப்படும் ஆக்சிஜனேற்றிய சிர்கோனியம் வகையையோ பற்றி மருத்துவரிடம் பேசலாம். அச்சத்தைக் காட்டி எல்லோர் தலையிலும் அவற்றைக் கட்டுவது தவறு. மத்திய அரசு 2017-ல் விலைக்கு வரம்பிட்டபோதே, கோபால்ட்-குரோமியம் மூட்டு 54,720 ரூபாய், டைட்டானியம், ஆக்சினியம் வகைகள் 76,600 ரூபாய் என வித்தியாசம் பெரிதாக இருந்தது. கோபால்ட்டைச் சிறுநீரகமே வெளியேற்றுவதால், சிறுநீரகம் பழுதானவர்கள் அதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அறுவைக்குப் பின் வலியும் வீக்கமும் நீடித்தால், முதலில் தேட வேண்டியது கிருமித் தொற்றையும் மூட்டுத் தளர்வையும். அவை இல்லையென்று உறுதியான பிறகே உலோகத்தின்மீது சந்தேகம் திரும்ப வேண்டும்.