கன்று பிறக்கும் முன்பே வெட்டிய வாய்க்கால்

ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். எவ்வளவு கலக்கினாலும் எண்ணெய் மறுபடி மேலே வந்து மிதக்கும். இப்போது கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக உடைந்து, தண்ணீர் பால்போலக் கலங்கிவிடும்.

எருமைக்கன்றின் குடலிலும் இப்படி ஒரு வேலை நடக்கிறது. எருமைப் பாலில் ஏறக்குறைய 7 சதவீதம் கொழுப்பு, பசும்பாலைவிட அதிகம். அந்தக் கொழுப்பை உடைத்துச் செரிமானத்துக்கு உதவுவது, கல்லீரலில் ஊறும் பித்தநீர். பிறந்த அன்றே சீம்பால் குடிக்கும் கன்றுக்குப் பித்தநீர் ஓடும் வழி எப்போது உண்டானது?

தாயின் வயிற்றில்தான்! எருமை பத்து மாதத்துக்கு மேல் கன்றைச் சுமக்கிறது. கரு மிகச் சிறிதாக இருக்கும்போதே, அதன் குடலிலிருந்து ஒரு மொட்டு கிளம்பும். மொட்டின் ஒரு பகுதி கல்லீரலாக வளரும். இன்னொரு பகுதி பித்தப்பையாகவும் அதன் குழாயாகவும் மாறும்.

கல்லீரலுக்குள் நடப்பது இன்னும் அழகு. குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் சிரையின் கிளைகளைச் சுற்றி, செல்கள் சட்டைக்கை போல ஓர் உறையாகப் படியும். அந்த உறையில் அங்கங்கே துளை விழுந்து குழாயாகும். வேண்டாத பகுதி மறைந்துபோகும். மிஞ்சியவையே பித்தநாளங்கள். சிற்றோடைகள் சேர்ந்து ஆறாவதுபோல, நுண்குழாய்கள் ஒன்றுகூடிப் பெரிய நாளமாகிச் சிறுகுடலில் போய்த் திறக்கும். கன்று போடும் முதல் சாணம் கறுத்துப் பிசுபிசுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பிறக்கும் முன்பே சுரந்த பித்தநீரும் கலந்திருக்கிறது.

பிறந்த பிறகு கன்று புல் மேயத் தொடங்கும். அசைபோடும் பெரிய இரைப்பை இடப்பக்கம் முழுவதும் வளர்ந்து, கல்லீரலை வலப்பக்கம் ஒதுக்கிவிடும். பித்தப்பையும் அங்கேதான் இருக்கும். குதிரைக்கோ பித்தப்பையே கிடையாது!

பித்தநீர் ஓடும் இந்த வாய்க்காலுக்கு ஓர் எதிரி உண்டு. குளத்தங்கரை நத்தைகளில் வளர்ந்து, புல்லில் ஒட்டிக்கொண்டு, எருமையின் வயிற்றுக்குள் போகும் தட்டைப்புழு. இலை வடிவான அந்தப் புழு பித்தநாளத்தில் குடியேறினால், நாளத்தின் சுவர் தடித்துப்போகும், எருமை மெலியும். உங்கள் வீட்டில் எருமை இருந்தால், நத்தை நிறைந்த குளக்கரையில் மேய விடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கேட்டு, காலத்தில் குடற்புழு மருந்து கொடுக்கச் சொல்லுங்கள்.