எல்லை கடந்த உற்பத்திப் பகிர்வு

எல்லை கடந்த உற்பத்திப் பகிர்வு என்பது ஒரு பொருளின் உற்பத்திப் படிநிலைகளைப் பல நாடுகளுக்கிடையே பிரித்து மேற்கொள்ளும் முறை ஆகும். இதன் விளைவாக ஒரு நாடு ஒரே தொழில்துறையைச் சேர்ந்த பொருட்களை ஏற்றுமதியும் இறக்குமதியும் செய்கின்றது. இத்தகைய இருவழி வணிகத்தைத் துறையக வணிகம் எனலாம்.

வகைகள்

பிரான்சும் செருமனியும் தத்தம் மகிழுந்துகளை ஒன்றுக்கொன்று விற்பது கிடை வணிகம் ஆகும். நுகர்வோர் பல்வகைப் பொருட்களை விரும்புவதும், பெருமளவு உற்பத்தியில் செலவு குறைவதும் இதற்கான காரணங்கள். பால் குரூக்மன் 1979 இல் இதற்கு ஒரு கணித மாதிரியை முன்வைத்தார். உதிரிப் பாகங்கள் ஒரு திசையிலும், அவற்றைக் கொண்டு பொருத்தப்பட்ட பொருள் மறுதிசையிலும் செல்வது செங்குத்து வணிகம் ஆகும். உற்பத்திப் பகிர்வு பெரிதும் இதனையே வளர்க்கின்றது. கூலி, தொழில்திறன் ஆகியவற்றில் நாடுகளிடையே உள்ள வேறுபாடும், குறைந்த போக்குவரத்துச் செலவும் இதற்கு அடிப்படைகள்.

அளவீடு

குரூபெல்-லாயிட் சுட்டெண் 1975 இல் வெளியான நூலொன்றின் மூலம் பரவலாக அறியப்பட்டது. ஒரு துறையின் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் இடையிலான வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, கிடைப்பதை 1 இலிருந்து கழித்தால் இச்சுட்டெண் பெறப்படும். 0 எனில் வணிகம் முற்றிலும் ஒருவழி. 1 எனில் இருபுறமும் சமம்.

எடுத்துக்காட்டாக, ஒரு நாடு 60 டாலர் மதிப்புள்ள வாகனப் பாகங்களை அனுப்பி, அவை பொருத்தப்பட்டபின் 100 டாலர் மதிப்புள்ள பொருளாகத் திரும்பப் பெறுவதாகக் கொள்வோம். சுட்டெண் 0.75 ஆகும். சுங்கப் பதிவில் மொத்த வணிகம் 160 டாலர். ஆனால் இறுதிப் பொருளின் மதிப்பு 100 டாலரே. பொருத்திய நாடு 100 டாலருக்கு ஏற்றுமதி செய்தாலும், அது சேர்த்த மதிப்பு 40 டாலர் மட்டுமே. இந்த இரட்டைக் கணக்கைக் களையும் நோக்குடன், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பும் உலக வணிக அமைப்பும் 2013 இல் சேர்மதிப்பு அடிப்படையிலான வணிகத் தரவுத்தளத்தை வெளியிட்டன.

வட அமெரிக்க வாகனத் தொழில்

1965 வரை கனடியத் தொழிற்சாலைகள் சுங்கவரியின் பாதுகாப்பில், சிறிய உள்நாட்டுச் சந்தைக்காகப் பல மாதிரி மகிழுந்துகளைக் குறைந்த எண்ணிக்கையில் தயாரித்தன. அவ்வாண்டு ஐக்கிய அமெரிக்காவுடன் கையெழுத்தான வாகன ஒப்பந்தம், நிபந்தனைகளுடன் வரிகளை நீக்கியது. அதன்பின் ஒவ்வொரு தொழிற்சாலையும் சில மாதிரிகளில் மட்டும் கவனம் செலுத்தி இரு நாட்டுச் சந்தைகளுக்கும் உற்பத்தி செய்தது. இருவழி வணிகம் விரைந்து பெருகியது. உலக வணிக அமைப்பின் தீர்ப்பை அடுத்து இவ்வொப்பந்தம் 2001 இல் முடிவுற்றது. 1994 இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கக் கட்டற்ற வணிக ஒப்பந்தம் மெக்சிக்கோவையும் இப்பகிர்வில் இணைத்திருந்தது.

வரியின் தாக்கம்

பாகங்கள் பலமுறை எல்லை கடக்கும்போது, ஒவ்வொரு முறையும் விதிக்கப்படும் வரி இறுதி விலையில் சேர்கின்றது. இறக்குமதிப் பொருளின் மீதான வரி, அதிலுள்ள உள்நாட்டுப் பாகங்களையும் தாக்குகின்றது. 2025 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்கா இறக்குமதி மகிழுந்துகளுக்கு 25% கூடுதல் வரி விதித்தது. எனினும், வட அமெரிக்க ஒப்பந்த விதிகளை நிறைவு செய்யும் வாகனங்களில், அமெரிக்கா அல்லாத பகுதியின் மதிப்புக்கு மட்டும் வரி கணக்கிட அப்போது வழி செய்யப்பட்டது. ஒரு நாட்டின் இறக்குமதியில் அந்நாட்டின் உழைப்பும் அடங்கியிருக்கக்கூடும் என்பதை இவ்விதிவிலக்கு காட்டுகின்றது.