ஏழுமலைக்குப் பின்னே ஒரு காடு

திருப்பதி போய் வந்தவரிடம் பயணம் எப்படி என்று கேட்டால், க்யூவில் எத்தனை மணி நேரம் நின்றார், எத்தனை லட்டு கிடைத்தது என்று சொல்வார். காட்டைப் பற்றிப் பேச்சே வராது. இத்தனைக்கும் அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறிப் போகிறவர் நடப்பது சேஷாசலக் காட்டின் ஊடேதான். படிக்கட்டின் ஓரத்திலேயே மானைப் பார்த்திருப்பார். குரங்கிடம் தேங்காய் மூடியைப் பறிகொடுத்திருப்பார்.

இந்த மலைத்தொடரில்தான் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா இருக்கிறது. 1989இல் அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 353 சதுர கிலோமீட்டர். பழைய சித்தூர், கடப்பை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. 2010இல் சேஷாசல மலைகள் முழுவதையும் சேர்த்து 4,755 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகமாக மத்திய அரசு அறிவித்தது. ஆந்திராவுக்கு அதுதான் முதல் உயிர்க்கோளக் காப்பகம்.

முதுமலை, பந்திப்பூர் போய்ப் பழகியவர்கள் ஜீப்பில் உட்கார்ந்தபடி யானைக்கூட்டம் பார்க்கலாம் என்று இங்கே வந்தால் ஏமாந்துதான் போவார்கள். சிறுத்தை, கரடி, செந்நாய், கடமான், தேவாங்கு எல்லாம் உண்டு. ஆனால் பாறையும் புதருமான வறண்ட காடு அவற்றை எளிதில் காட்டிக்கொடுக்காது. நிதானமாக நடந்து, அருகில் போய்ப் பார்க்க வேண்டிய காடு இது.

அதற்குத் தோதான இடம் தலகோனா. திருப்பதியிலிருந்து பாக்கராபேட்டை வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 270 அடி உயரத்திலிருந்து விழும் அருவி, ஆந்திராவிலேயே உயரமானது. அருவிக்குப் போகும் வழியில் சித்தேஸ்வர சுவாமி கோயில். அதைத் தாண்டினால் மரத்துக்கு மரம் தாவிப் படர்ந்த ராட்சதக் கொடிகள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனால் தண்ணீர் நிறைய இருக்கும். கோடையில் போகிறவர் ஈரப் பாறையைப் பார்த்துத் திரும்ப நேரும்.

அந்த ஈரப் பாறையிலும் விஷயம் இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடாதவர் குறைவு. இங்கே இருப்பது உயிருள்ள பொன் பல்லி. ஆண் பல்லியின் உடல் மஞ்சள் பொன்னாக மின்னும். ஓடையோரப் பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் வசிக்கும். பல பல்லிகள் ஒரே பாறைச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். 1870இல் ரிச்சர்ட் ஹென்றி பெடோம் என்ற ஆங்கிலேய அதிகாரி இதை முதலில் விவரித்தார். அதற்குப் பிறகு நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1980களில் திருமலை மலைகளில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. அதே பெடோமின் பெயரைத் தாங்கிய ஒரு சைக்கஸ் செடியும் இந்த மலைகளில் உண்டு. பனைபோல ஓலை விரித்திருக்கும். பூக்காது, கூம்புதான் விடும். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அதை விற்கவும் வாங்கவும் சர்வதேச அளவில் மிகக் கடுமையான தடை இருக்கிறது.

தமிழ்நாட்டில் சேஷாசலம் என்றதும் பலருக்கு நினைவு வருவது செம்மரம். வைரம் பாய்ந்த செம்மரக் கட்டை தண்ணீரில் மிதக்காது, அவ்வளவு கனம். சீனாவில் அறைகலன்களுக்கும் ஜப்பானில் இசைக்கருவிகளுக்கும் கிராக்கி இருப்பதால் கடத்தல் ஓயவில்லை. கூலிக்கு மரம் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்து மலைகிராம ஏழைகள். 2015 ஏப்ரல் 7 அன்று இந்தக் காட்டில் 20 தமிழர்களை ஆந்திர போலீசார் சுட்டுக்கொன்றனர். சாலைகளில் இன்றும் செக்போஸ்ட் சோதனை இருக்கிறது. சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் பாதையை விட்டு விலகாமல் இருப்பதும், ஞாபகார்த்தமாகக்கூட ஒரு மரத்துண்டை எடுத்து வராமல் இருப்பதும் அவர்களுக்கே நல்லது.

விலங்குகளிடத்திலும் அதே கவனம் வேண்டும். 2023 ஆகஸ்டில் அலிபிரி பாதையில் பெற்றோருடன் ஏறிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறுவர்களை நடைபாதையில் அனுமதிப்பதில்லை என்று தேவஸ்தானம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பக்தர்களுக்குக் கைத்தடி கொடுத்தது. கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். வழியில் விலங்குகளுக்குத் தீனி போடவும் தடை வந்தது. காரணம் எளிது. மீந்த சோற்றுக்கும் பழத்தோலுக்கும் நாயும் பன்றியும் வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும்.

யானை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சித்தூர் மாவட்டத்தின் மறுகோடியில், குப்பம் – பலமநேர் பக்கம், கௌண்டின்யா சரணாலயம் இருக்கிறது. பாலாற்றின் கிளையாறுகளான கௌண்டின்யாவும் கைகலும் ஓடும் காடு. ஆந்திராவில் ஏறக்குறைய 200 ஆண்டுகளாக யானையே இல்லாமல் இருந்து, 1980களில் தமிழ்நாடு, கர்நாடக எல்லைக் காடுகளிலிருந்து ஒரு கூட்டம் இங்கே வந்து தங்கிவிட்டது. அவற்றுக்காகவே 1990இல் 357 சதுர கிலோமீட்டர் சரணாலயமானது. காடு ஒடுக்கமானது, சுற்றிலும் மாந்தோப்பும் கரும்பும் நெல்லும். ராத்திரியில் யானை இறங்கினால் விடிவதற்குள் ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம் போய்விடும். 2025 மே மாதம் கர்நாடகம் தன் கும்கி யானைகள் சிலவற்றை ஆந்திராவிடம் ஒப்படைத்தது. தோட்டத்தில் இறங்கும் காட்டு யானையைத் திரும்பக் காட்டுக்குள் விரட்டுவதுதான் அவற்றின் வேலை.