பச்சை எழுத்தை நம்பலாமா?

லினக்ஸ் சர்வரில் பின்னணியில் ஓயாமல் ஓடும் நிரல்களுக்கு டீமன் என்று பெயர். இணையப் பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி ஒரு டீமன். தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் இன்னொன்று. 2010-இல் வெளிவந்த சிஸ்டம்டிதான் இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் இவற்றை ‘சர்வீஸ்’ என்ற பெயரில் கிளப்பிவிடுகிறது. தொடக்கத்தில் திரையில் வரும் செய்திகளில் பல, டீமன் சொல்பவை அல்ல, சிஸ்டம்டி சொல்பவை. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

டெபியனிலோ உபுண்டுவிலோ போஸ்ட்கிரெஸின் நிலையைக் கேட்டுப் பாருங்கள். ‘ஆக்டிவ்’ என்று பச்சையில் பதில் வரும். ஒட்டியபடியே ‘எக்ஸிட்டட்’ என்றும் இருக்கும். தரவுத்தளமோ நின்றுபோயிருக்கலாம். நாம் கேட்ட அந்த சர்வீஸ் வெறும் பெயர்ப்பலகை. அது ஓட்டுவது ‘ட்ரூ’ என்ற கட்டளையை. எந்த வேலையும் செய்யாமல் ‘வெற்றி’ என்று திரும்பிவிடுவதுதான் அதன் தொழில். உண்மையான தரவுத்தளம், பதிப்பு எண்ணோடு ‘மெயின்’ என்று முடியும் வேறொரு சர்வீஸில் ஓடுகிறது. டெபியன் 12-இல் அந்த எண் 15. ஒரே சர்வரில் பல பதிப்புகளை ஓட்ட வசதியாகச் செய்த ஏற்பாடு அது. ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பச்சை எழுத்து ஆபத்தானது. ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ என்று தட்டினால் ‘ஆன்லைன்’ அல்லது ‘டவுன்’ என்று உள்ளதைச் சொல்லும்.

அப்பாச்சியில் ஏமாற்றம் வேறு விதம். அது கிளம்பாதபோது, சர்வரின் முழுப் பெயர் தெரியவில்லை என்ற ஏஎச்00558 செய்தி முதலில் கண்ணில் படும். பலர் அதையே சரிசெய்யப் போய்விடுகிறார்கள். அது எச்சரிக்கை மட்டுமே. அதோடும் அப்பாச்சி ஓடும். அடுத்த வரிகளில் 80-ஆம் போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பெரும்பாலும் என்ஜின்எக்ஸ் போன்ற வேறொரு நிரல் அங்கே முன்பே உட்கார்ந்திருக்கும்.

‘மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் தொடங்கப்பட்டது’ என்ற செய்தியும் டீமன் விழுந்ததற்குக் காரணம் ஆகாது. வழக்கமான அமைப்பில் 10 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் கிளப்ப சிஸ்டம்டி மறுத்துவிடும். முதல் முறை ஏன் விழுந்தது என்பதை, சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் மேலே போய்த்தான் தேட வேண்டும்.

சொந்தமாக டீமன் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வீஸின் வகை ‘சிம்பிள்’ என்றிருந்தால், ப்ராசஸ் பிறந்த கணமே தொடங்கியாயிற்று என்று சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். ‘நோட்டிஃபை’ வகையைத் தேர்ந்தெடுங்கள்; உண்மையிலேயே தயாரான பிறகு சிஸ்டம்டிக்கு ‘ரெடி=1’ அனுப்புங்கள்.